ஹெட்போனில் ஒரு கிற்றார், பெட்டியில் ஒரு கிற்றார்

கொழும்பில் ஓர் இசைக்குழுவுக்குக் கிற்றார் வாசிக்க ஆள் தேவையாம் என்று, அங்கே சாமான் எடுக்கப் போய்வரும் சித்தப்பா வந்து சொன்னார். வாசித்து ஒரு கசெற்றில் அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை. வேலையைக் காட்டி இயக்கத்திடம் வெளியேறப் பாஸ் கேட்கலாம். பாஸ் கிடைத்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே போகலாம். எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை.

குருநகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார் வைத்திருந்த அண்ணையிடம் போனேன். சண்டையால் சுன்னாகத்திலிருந்து மின்சாரம் வருவது நின்று வருடக்கணக்காகியிருந்தது. அவருடைய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் பழைய சேலை போர்த்தபடி மூலையில் கிடந்தன. இருந்த ஒரே கார் பற்றறியில் ரெக்கோடரும் சின்ன ஈக்குவலைசரும் மட்டும் ஓடும். ஆகவே எதையும் ஹெட்போனில்தான் கேட்போம்.

நான் வாசித்தேன். அண்ணை கேட்டுவிட்டு, "கம்பிச் சத்தம் அமுங்கிக் கிடக்கு" என்று ஈக்குவலைசரில் உச்ச ஒலியைக் கூட்டிப் பதிந்தார். வாங்கிக் கேட்டேன். என் ஓட்டைக் கிற்றாரா இப்படிப் பேசுகிறது என்றிருந்தது.

"பெட்டியிலை ஒருக்காப் போட்டுப் பாப்பம் அண்ணை."

"கரண்டுக்கு எங்கை போறது? உன்ரை அப்பரே தாறார்?"

அடுத்த தெருவில் ஒரு கலியாண வீடு. ஜெனரேட்டர் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடியது. ஸ்பீக்கர்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் காலையிலேயே கசெற்றைப் போட்டோம். அடிக்கம்பிகளைக் காணவே காணோம். மேல்கம்பிகள் காதைக் கிழித்தன. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, உதென்ன தகரத்திலை ஆணி இழுக்கிற சத்தம்? நிப்பாட்டப்பு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆரோடு கோபிக்கிறது, ஹெட்போனோடா? திரும்பிக் கடைக்கு வந்தோம். "இந்தச் சனியன் பொய் சொல்லுது" என்றார் அண்ணை. அதன் பஞ்சு காதை மூடி உச்ச ஒலியை விழுங்கி, அடி ஒலியைப் பெருக்கிக் காட்டுகிறது. அதை நம்பி நாங்கள் கூட்டியதெல்லாம் பெட்டியில் பிழையாய் வருகிறது. அப்படியென்றால் ஹெட்போனில் மோசமாகக் கேட்டால்தான் பெட்டியில் சரியாக வரும். மறுபடி வாசித்தேன். அண்ணை உச்சத்தை இறக்கினார், அடியை ஏற்றினார். கேட்டால், தலையணைக்குள் வைத்து வாசித்த மாதிரி இருந்தது. என் வாசிப்பை என் கண்முன்னாலேயே கெடுப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

பின்னேரம் அதே கலியாண வீட்டில் அதைப் போட்டோம். ஒவ்வொரு கம்பியும் தன் இடத்தில் நின்றது. அந்த மாமியே, "உது ஆர் வாசிக்கிறது?" என்று விசாரித்தார்.

ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. "கொழும்பிலை அந்தக் குழுக்காரர் ஹெட்போனிலை கேட்டால்?"

அண்ணை சிரித்தார். "விசரா, கொழும்பிலை ராப்பகலாக் கரண்ட். பெட்டி இருக்க ஆரடா உந்தக் கோதாரியைக் காதிலை கொழுவுறது?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் கரண்ட் இல்லாதவன்தான் ஹெட்போன் மாட்டுவான்.

சித்தப்பா கசெற்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குடாநாட்டை விட்டுக் கடல் கடக்கக் கிளாலியில் வள்ளம் ஏறினார். அவர் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தவர் சைக்கிளை விட்டு இறங்க முதலே கேட்டுவிட்டேன்.

"குடுத்த உடனை, அந்தக் குழுக்காரர் இடுப்பிலை கொழுவியிருந்த சின்னக் கசெற் ரெக்கோடருக்குள்ளை போட்டு, ஹெட்போனைக் காதிலை மாட்டிக் கேட்டவர்" என்றார்.

"என்ன சொன்னவர்?"

"காதை அமத்தி அமத்திப் பாத்தார். பிறகு கழட்டிப்போட்டு, பாவம், நல்ல கிற்றார் கூட இல்லைப் போல எண்டார்."

"பெரிய பெட்டியிலை போட்டுக் கேக்கச் சொல்லி நீங்கள் சொல்லேல்லையோ?"

"எனக்கென்னடா தெரியும் உதுகள்?"

உண்மைதான். அவரிடம் யார் சொல்லிவிட்டது?

"வேறை ஒண்டு பதிஞ்சு தாறன். கொண்டுபோறியளோ?"

"வேண்டாமடா. வேறை ஒருத்தனை எடுத்திட்டினம். நான் வெளிக்கிடேக்கை அங்கை இருந்து வாசிச்சுக்கொண்டிருந்தவன்" என்றார் சித்தப்பா. சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "எனக்குக் கேட்ட அளவிலை, உன்னளவுக்கு இல்லை."