குணமாகிப் போனவர்களின் அரிசி

தாம்பரம் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைகளின் பெற்றோர் இலவசமாகத் தங்கும் இல்லம் அது. சமையலறையைப் பார்த்துக்கொண்ட அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. நைட்டி மேல் துண்டு, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. காலிசெய்து போகிறவர்கள் விட்டுச்செல்லும் அரிசியையெல்லாம் ஒரே நீல டிரம்மில் கொட்டி, முழங்கை வரை கையை விட்டுக் கலப்பார். பச்சரிசி குழையும், புழுங்கல் வேகாது. எனக்கு எரிச்சலாக வரும்.

முதல் நாள், இறந்த குழந்தையின் வீட்டு அரிசியோ என்று பயந்து, "யார் வச்சிட்டுப் போனதுக்கா?" என்று கேட்டேன்.

"கொழந்த நல்லாயி வூட்டுக்குப் போனவங்களுது. தகிரியமா வடி கண்ணு."

இரண்டு மாதம் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டோம்.

மகளை அடக்கம் செய்த மூன்றாம் நாள், பெட்டியை எடுத்துவரப் போனேன். எங்கள் அரிசியை அக்கா டிரம்மில் கலந்துகொண்டிருந்தார். அன்றுதான் வந்திருந்த ஒரு பெண் அது யாருடையது என்று கேட்டாள்.

"கொழந்த நல்லாயி வூட்டுக்குப் போனவங்களுது," என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"ஆமாம்மா," என்றேன். "பயப்படாம வடிங்க."