பலாமரத்துக்குப் போன மூட்டை

எங்கள் பசு குட்டையானது. கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. அதன் முதுகு என் தோளைத் தாண்டி வளரவேயில்லை, நான்தான் வளர்ந்தேன். பால் கொஞ்சம்தான் தரும், ஆனால் நாள் தவறாமல் தரும். காளைக் கன்று போட்டால், பிபிலைப் பக்கமிருந்து ஒருவர் லொறியோடு வந்து, கன்று கொஞ்சம் தேறியதும் வாங்கிக்கொண்டு போவார். வண்டி இழுக்க என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் தோட்டம் இருந்த பசறைப் பாதையில் ஒரு மாட்டு வண்டியைக்கூட நான் பார்த்ததில்லை. அது அப்போது எனக்குக் கேள்வியாகத் தோன்றவில்லை.

ஒரே வரிசையாகக் கட்டிய லயத்தில் நாங்கள் இருந்த அறை தேயிலைத் தோட்டத்துடையது. மாட்டுக்கொட்டில் நின்ற இடமும் பின்னாலிருந்த மேடும் தோட்டத்துடையவை. பசு மட்டும் எங்களுடையது. அந்த மழையில் அப்பா நடந்துகொண்ட விதத்துக்கு இதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

பல நாட்களாக மழை விடவில்லை. ஒரு காலை கிராம சேவகர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, மலை சரியலாம், எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முன்பும் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நாங்களும் பள்ளிக்கூடத் தரையில் படுத்து, பார்சல் சோறு தின்று, மலை இருந்த இடத்திலேயே இருக்கக் கண்டு திரும்பியிருக்கிறோம். ஆனாலும் லயத்து ஆட்கள் பாயையும் அடையாள அட்டையையும் சிலர் டிவியையும்கூடத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

அப்பா போகவில்லை. பசு விடிந்ததிலிருந்து படுப்பதும் எழுவதுமாக இருந்தது. என் கை பட்டால்தான் அது அடங்கும் என்பதால் நானும் நின்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானத்துக்குள் கன்று விழுந்தது. காளைக் கன்று. அப்பா அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் உடம்பைத் தேய்த்து நிறுத்தினார். ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை.

அது விழும்வரை பசுவை நடத்தக்கூடாது என்பது எங்கள் வழக்கம். விழுந்ததும் நாய் இழுத்துவிடாமல், பசுவே தின்றுவிடாமல் எடுத்து, சாக்கில் கட்டி, பால் வடிகிற மரம் ஒன்றில் உயரத் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் மடியில் பால் நிற்கும். எங்களுக்கு அந்த மரம் லயத்துக்குப் பின்னால் மேட்டிலிருந்த பலா. எங்கள் பசு போட்ட ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சாக்கு அதில் தொங்கி மக்கியிருக்கிறது.

அப்பா என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்துக் காவலுக்கு நிறுத்தினார். இடையில் பசுவுக்குத் தண்ணீர் வேண்டுமென்று பீலிக்கு அனுப்பினார். மலை ஊற்றைக் குழாய் வைத்து இறக்கிய பீலி அது, கோடையிலும் நிற்காது. அன்று காலை அதில் தண்ணீர் செம்மண்ணாக வந்திருந்தது. இப்போது ஒரு சொட்டும் இல்லை. இனி வாளி தூக்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில் ஓடிவந்தேன்.

“பீலி நின்னுருச்சுப்பா.”

“இந்த மழையிலயா?”

“ஆமா. கூரத் தண்ணியப் புடிச்சாந்தேன்.”

அப்பா வாளியைப் பார்த்தார். பிறகு மேட்டைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். தம்பியை யாரிடமோ விட்டுவிட்டு மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாமா அம்மாவுக்கு இளையவர், எதற்கும் வாய் சும்மா இருக்காது.

“என்ன மச்சான், இன்னும் பிரசவ வார்டுலயா இருக்கீங்க?”

“நஞ்சு விழல.”

“ஏங்க,” என்றாள் அம்மா, “மாடு பெத்தது எந்திரிச்சு நிக்குது. நீங்க பெத்தது நனஞ்சுபோய் நிக்குது. அதப் பாருங்க மொதல்ல.”

“இப்ப நடத்துனா குடல் எறங்கிரும். அப்புறம் பசுவும் இல்ல, பாலும் இல்ல. நீ புள்ளயக் கூட்டிட்டுப் போ.”

“நான் போமாட்டேன்,” என்றேன்.

“நல்ல குடும்பம்,” என்றார் மாமா. “மல எறங்கி வந்தா சொல்லுங்க மச்சான், மாடு நஞ்சு போடல, செத்த பொறுன்னு.”

அம்மா அவரை முறைத்துவிட்டு என் கையைப் பிடிக்க வந்தாள். அப்போதுதான் மேலே ஒரு சத்தம். லொறியிலிருந்து கல் கொட்டுவது போல, சிறியது, உடனே நின்றுவிட்டது. பசு காதுகளை அந்தப் பக்கம் திருப்பியது. மழை தகரத்தில் விழுவதை மட்டும் கேட்டுக்கொண்டு நால்வரும் பசுவின் பின்னால் நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒருவழியாக அது விழுந்தது.

“அப்படியே போட்டுட்டு வாங்க,” என்றாள் அம்மா.

அப்பா கேட்கவில்லை. அதை உரச்சாக்கில் சுருட்டிக் கயிற்றால் கட்டினார். மூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறி மழைக்குள் மறைந்தார். அம்மா பசுவை அவிழ்த்துப் பிடித்தாள். மாமா கன்றைத் தோளில் போட்டுக்கொண்டார். அது அவர் சட்டை முழுக்க மூத்திரம் விட்டது. வேறு நாளென்றால் நாங்கள் சிரித்திருப்போம்.

அப்பா திரும்பி வந்தபோது மூட்டை அக்குளிலேயே இருந்தது.

“கட்டலயா?” என்றாள் அம்மா.

“மரம் அங்க இல்ல.”

அம்மா உடனே திரும்பினாள். பசுவை இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக் கதவைக்கூட யாரும் சாத்தவில்லை. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். தேயிலைக்கு நடுவே இறங்கும் படிகள் முழுக்க சேறு. என் செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டது, குனியவும் விடவில்லை.

“காலையில மரம் இருந்துச்சுப்பா. நான் பாத்தேன்.”

“நட.”

“கைய விடுங்க, வலிக்குது.”

விடவில்லை. ஓடவும் இல்லை. பள்ளிக்கூட வாசல் வரை அதே பிடி.

பொழுது சாய்வதற்குள் மேடு இறங்கியது. கொட்டிலும் லயத்தின் கடைசி அறைகளும் போயின. ஆட்கள் எல்லோரும் கீழே இருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. மழை ஓய்ந்தபின் சட்டி பானை எடுக்கப் போனோம். மேட்டிலிருந்த பலாமரம் கீழே ஓடைக்கரையில் நின்றது. சாயாமல், பிஞ்சுகளோடு, யாரோ அங்கேயே நட்டு வளர்த்தது போல. மீதி அறைகளுக்கு நாங்கள் திரும்பினோம். வேறு இடம் யாரும் தரவில்லை. கன்று தேறியதும் பிபிலைக்காரர் வந்தார். வண்டி இழுக்க என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கொழும்பு, குவைத் என்று எத்தனையோ கூரைகளின் கீழ் படுத்து எழுந்துவிட்டேன். அந்த லயத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்று மாலை, மேடு இறங்கிய செய்தி பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே, அப்பா பால் மரம் தேடிப் பள்ளி வளவு முழுக்க அலைந்தார். கடைசியில் கிணற்றடியில் நின்ற ஒரு பப்பாளியில் மூட்டையைக் கட்டினார். ஒல்லி மரம், பாரம் தாங்காமல் வளைந்தது. இதில் கட்டினால் எப்படிப் பால் நிற்கும் என்று எனக்கு ஆத்திரம். மழையில் மரமேறச் சோம்பல்பட்டு, மரம் இல்லையென்று பொய் சொல்லிவிட்டார். நான் கண்டுபிடித்துவிட்டதால்தான் கையை நசுக்கினார். அப்படித்தான் கணக்குப் போட்டேன். மணிக்கட்டில் அவருடைய நான்கு விரல்களும் சிவந்து பதிந்திருந்தன. அம்மாவிடம் போய்க் காட்டி, அப்பாவைக் கேளுங்கள் என்று அழுதேன்.

அம்மா அந்தத் தடத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் போய், ஒன்றும் கேட்காமல், அவர் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டினாள். என் பக்கம் பேச ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, நான் பசுவிடம் போய்ப் படுத்தேன்.