வெள்ளைப் பெட்டிக்கு ஒரு கைதட்டு

சவப்பெட்டிக் கடையிலை வேலை செய்யிறவனுக்குப் பெரிய கரைச்சல் என்னெண்டா, ஆரிட்டையும் "பிறகு சந்திப்பம்" எண்டு சொல்லேலாது. இத்தாலியிலை, இந்தப் பலெர்மோவிலை கிடைச்ச வேலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற என்ரை சனங்களே, உங்களுக்கு இது விளங்கும்.

மீன்காரன்ரை தராசு

போர்கோ வெக்கியோ சந்தைக்குள்ளை நான் கறுப்புக் கோட்டோடை போனாப் போதும், மீன்காரன் பாய்ஞ்சு தராசைத் தொடுவான். சாவுக்காரனைக் கண்டா இரும்பைத் தொடவேணுமாம், இல்லாட்டிச் சாவு ஒட்டிக்கொள்ளுமாம். எண்டாலும் மீன் தருவான். அதைக் கொண்டு வீட்டை போனா, கதவடியிலை மனிசி மறிப்பாள்.

"மீனை நான் கழுவுறன். நீங்கள் போய் உங்களைக் கழுவுங்கோ!"

கால்சா வேதக்கோயில் வாசல்

பச்சைப்பிள்ளையளுக்கு வெள்ளைப் பெட்டி. அதைத் தோளிலை வைக்கிறேல்லை, ஒராள் கையிலை ஏந்திக்கொண்டு போகவேணும். முதல்தரம் நான் ஏந்திக்கொண்டு கோயிலுக்குள்ளையிருந்து வெளியிலை வாறன், வாசல்லை நிண்ட சனம் முழுக்கக் கைதட்டுது! எனக்கு விசர் வந்திட்டுது. "பிள்ளை செத்துக்கிடக்கு, உங்களுக்குக் கூத்தே?" எண்டு தமிழிலையே கத்திப்போட்டன். சனம் அதை எங்கடை ஊர்ச் செபமெண்டு நினைச்சுச் சிலுவை போட்டுது.

முதலாளி சல்வோ காதுக்குள்ளை சொன்னார்: "கத்தாதை. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு வேறை என்னத்தைக் குடுக்கிறது?"

ரமேசின்ரை மகள்

கபோச் சந்தையடியிலை இருக்கிற ரமேசின்ரை மகள், பிறந்து ஒரு கிழமையா ஆசுப்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை கிடந்து செத்துப்போச்சு. இந்துக்களெண்டா எரிக்கிறதெண்டு சல்வோவுக்குத் தெரியும். மரியாதையெண்டு நினைச்சு, ஆரையும் கேளாமல் எரிக்க ஒழுங்கு செய்துபோட்டார். தாய் சுகந்தி என்னைக் கும்பிட்டாள்: "அண்ணை, பச்சைப்பிள்ளையை நெருப்பிலை வைக்க விடாதையுங்கோ." சல்வோவிட்டை ஓடினன்.

"எரிக்கிறதெண்டு நீதானே சொன்னனீ?"

"அது வளந்த ஆக்களை! குழந்தையளைப் புதைக்கிறது!"

மனிசன் தலையிலை கையை வைச்சிட்டார். பிறகு பாவம், தானே ஓடித்திரிஞ்சு சவக்காலையிலை ஒரு சின்ன இடம் பிடிச்சுத் தந்தார். அண்டைக்கும் பெட்டியை நான்தான் ஏந்தினன். சாமான் இல்லாத பையைத் தூக்கின மாதிரி இருந்துது. குழிக்குள்ளை இறக்கேக்கை சல்வோ தனிய நிண்டு கைதட்டினார். எங்கடை ஆக்கள் அவரைக் கொல்லுற மாதிரிப் பாத்தினம். ரமேசு கையை ஓங்கிக்கொண்டு வந்தான். நான் குறுக்காலை போய், இது இவையின்ரை மரியாதையெண்டு விளங்கப்படுத்தினன். ரமேசு ஓங்கின கையை இறக்கேல்லை.

அப்ப சுகந்தி வாய் திறந்தாள்: "என்ரை பிள்ளை பிறந்ததுக்கு ஒருத்தரும் கற்கண்டு தின்னேல்லை. இதுக்கெண்டாலும் எல்லாரும் கைதட்டுங்கோ."

இந்த உத்தியோகத்திலை உள்ள ஒரேயொரு வசதி, வீட்டை போன உடனை முழுகவேணும் எண்டபடியா, கண் ஏன் சிவந்திருக்கெண்டு மனிசி கேட்டாச் சவுக்காரத்தைச் சாட்டலாம்.