செடியிலேயே விரியட்டும்

பங்குனி பிறந்துவிட்டால் அகரத்தில் மல்லிகைத் தோட்டக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. நேற்றுப் பறித்த செடியில் இன்றைக்கும் மொட்டு நிற்கும். வெயில் ஏறுவதற்குள் பறித்து முடித்துத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்கியாக வேண்டும். விரிந்துபோன பூவை யாரும் சீண்ட மாட்டார்கள். அந்த மாதத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால்கூட, தாலி கட்டிய கையோடு பஸ் ஏறிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட பங்குனியில்தான் சொர்ணலட்சுமி, ஐம்பத்து நான்கு வயதில், பத்து நாளைக்குத் தோட்டத்துக்கு வர மாட்டேன், கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னார்.

வீட்டாருக்குக் கோபம் வந்ததற்குப் பூ மட்டும் காரணமல்ல. முந்தின வருஷம் அதே கடலுக்குப் போய்த்தான் அவர் இடது காலில் இரண்டு விரல்களை இழந்திருந்தார்.

கடல் அவருக்கு மகள் வழியாக வந்தது. மகள் புவனேஸ்வரி நர்ஸ். தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்து, அங்கேயே வாடகை வீட்டில் தங்கியிருந்தாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில்தான் சொர்ணலட்சுமி அந்தக் கடலைப் பார்த்தார். அலையே இல்லை. உள்ளே எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. தண்ணீர் வடிந்த வற்றத்தில் தரை தெரிந்தது. ஏற்றம் வந்தபோது தண்ணீர் சத்தமில்லாமல் பரவி வர, அதன் கூடவே மீனும் மேய வந்தது. சின்ன வயதில் ஊர்க் கண்மாயில் தூண்டில் போட்டுக் கெண்டை பிடித்த கை அவருடையது. முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் நரம்பு வீசிக் கிழங்கான் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், செத்த நேரம் அதைத் தரச் சொல்லிக் கேட்டார். அந்தப் பெண் ஆரோக்கியம்மாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அன்றைக்கே சிநேகமாகிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு கடையில் ரீல் வைத்த தூண்டில் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள், காலை எடுத்து வைத்த இடத்தில் மணலுக்குள் திருக்கை மீன் புதைந்து கிடந்தது. அதன் வால்முள் பாதத்தில் ஏறியது. ஆரோக்கியம்மாள்தான் அவரைக் கரைக்கு இழுத்து வந்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை அதில் அமுக்கிப் பிடித்தார். வலி இறங்கியது. ஆனால் சொர்ணலட்சுமிக்குச் சர்க்கரை உண்டு. ஊருக்கு வந்தும் புண் ஆறவில்லை. ஒன்றரை மாதம் கழித்துச் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மகன் விக்னேஷ்குமார் அந்தத் தூண்டிலை ரெட்டியார்சத்திரத்தில் ஒரு கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டான். மார்க்கெட்டில் கிடைக்காத மீனா, வயசான காலத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலில் நிற்க வேண்டுமா என்று ஊரில் பேசினார்கள். சொர்ணலட்சுமி நடந்து பழகினார். சோற்றைக் குறைத்தார், மாத்திரையைத் தவறவிடவில்லை. ஆவணியில் தோட்டத்தில் இறங்கிவிட்டார். தை மாதம் டாக்டரிடம் போனபோது, கடல் தண்ணீரில் நிற்கலாமா என்று நேரடியாகக் கேட்டார். வெறுங்காலோடு இறங்கவே கூடாது, சின்னக் கீறல் இருந்தாலும் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். போகாதே என்று சொல்லவில்லை. சொர்ணலட்சுமிக்கு அது போதும்.

பங்குனியில் பேச்சு வெடித்தது.

"மீனுதான வேணும்? எத்தனை கிலோ வேணும் சொல்லு, வாங்கியாரேன்" என்றான் மகன்.

"மீனு வேணும்னு யாரு சொன்னா? பிடிக்கணும்."

கணவர் குருசாமி அதிகம் பேசாதவர். பூவை யார் எடுப்பது என்று மட்டும் கேட்டார்.

"முப்பத்தஞ்சு வருசமா நான் எடுத்தேங்க. ஒரு பங்குனிக்கும் காச்சல்னு படுத்ததில்ல. பத்து நாளைக்கு ஆளு வச்சு எடுங்க. ஆளு கிடைக்கலையா, செடியிலயே விரியட்டும்."

பூ விவசாயி வீட்டில் யாரும் சொல்லத் துணியாத வார்த்தை அது. குருசாமி எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் சொர்ணலட்சுமி புதிதாக ஒரு தூண்டிலும் தடித்த ரப்பர் பூட்ஸும் வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போய், அங்கிருந்து தொண்டி பஸ் பிடித்தார். புவனேஸ்வரியும் சண்டைதான் போட்டாள். கடைசியில், தினம் சாயங்காலம் காலை அவளிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டாள்.

அந்த மாதத்துக் காலைகளில் கடலில் காற்று இருக்காது. தண்ணீருக்கடியில் கடல்புல் கறுப்பாகத் தெரியும். புல் முடிந்து வெள்ளை மணல் தொடங்கும் விளிம்பில்தான் கிழங்கான் மேயும். அங்கே இறால் துண்டை வீசித் தரையோடு மெல்ல இழுக்க வேண்டும். மீன் கடித்தால் யாரோ கதவை விரலால் தட்டுவதுபோல் கையில் தெரியும். கம்பால் முன்னால் தட்டிக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் தேய்த்தே நடந்தால் திருக்கை தானாக விலகி ஓடிவிடும். இதை இப்போது அவர் மறப்பதில்லை. போன வருஷம் அவரைத் தூக்கி வந்ததைப் பார்த்த ஓர் ஆள் படகிலிருந்து, மறுபடியும் வந்துட்டீகளா என்று கேட்டுச் சிரித்தார்.

"ஆமா. இன்னும் எட்டு வெரலு இருக்கே" என்றார் சொர்ணலட்சுமி.

ஐந்தாம் நாள் விக்னேஷ்குமார் பூ ஏற்றும் வேனோடு வந்து நின்றான். வரச் சொன்ன ஆட்கள் வரவில்லை, தோட்டம் முழுக்க விரிந்து வெள்ளையாகக் கிடக்கிறது, உடனே கிளம்ப வேண்டும் என்று கரையிலிருந்து கத்தினான். அவர் திரும்பவில்லை. அப்போதுதான் ஏற்றம் வந்துகொண்டிருந்தது. அவன் தண்ணீரில் இறங்கினான்.

"காலைத் தூக்கி வைக்காத அப்பு. தேச்சு வா" என்றார், தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கணுக்கால் ஆழத்தில் அவன் நின்றுவிட்டான். பயம்தான். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அங்கேயே நின்றான். அவன் கண்ணெதிரே அவர் பதினொரு கிழங்கான் பிடித்தார். பிறகுதான் நரம்பைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தார்.

"இன்னொரு முள்ளு குத்துச்சுன்னா காலே போயிரும்மா" என்றான்.

"போனா ஏங்காலு போகுது. அதுக்கு நான் அழுதுக்கிறேன். நீ போயிப் பூவப் பாரு."

அவன் போனான். அவர் மிச்சமிருந்த ஐந்து நாளும் இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

இந்த வருஷம் மாசியிலேயே குருசாமி இரண்டு ஊர்களுக்கு அலைந்து, பங்குனியில் பத்து நாளைக்குப் பூப்பறிக்க ஆள் பேசி வைத்தார். சொர்ணலட்சுமி தூண்டிலையும் பூட்ஸையும் எடுத்துத் துடைத்து வைத்தார். விக்னேஷ்குமாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஐஸ் பெட்டியில் அம்மா கொண்டுவரும் மீனை அவன் தொடுவதே கிடையாது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்கிறான். அவர் அவனைக் கெஞ்சுவதில்லை. அவன் பங்கையும் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, முள்ளை நிதானமாக ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிடுகிறார்.