ரெஜினாவின் இரண்டாவது வரி

ரெஜினா இறந்த செய்தியைக் கல்லூரி எனக்குச் சொல்லவில்லை. எண்ணூர் முகத்துவாரக் குப்பத்தின் ஊர்த்தலைவர் தணிகாசலம்தான் போனில் சொன்னார். பேசின் பிரிட்ஜில் ரயிலுக்கு நின்றிருந்தேன். "டீச்சரம்மா பூட்டாங்கபா. காலைல நெஞ்சு வலியாம்" என்றார்.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். இரங்கலுக்குரிய சாந்தம் என்னிடம் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் ரயில்வே ஊழியர் வீட்டில் பிறந்து, சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் அவர். அரசுச் சட்டமும் ஊர்ச் சட்டமும் ஒரே கரையில் எப்படிப் பிழைக்கின்றன என்பதுதான் நாங்கள் சேர்ந்து செய்த ஆய்வு. முகத்துவாரத்தில் இறால் வலை கட்ட 'பாடு' என்றொரு முறை உண்டு. இன்று ஒரு குடும்பம் கட்டும் இடத்தில் நாளை அடுத்த குடும்பம் கட்டும். எழுத்து கிடையாது. "கோர்ட்டுக்குக் காயிதம் வேணும், ஊருக்கு வாய் போதும். நாம நடுவுல குந்திகினு கீறோம்" என்பார், வகுப்பிலும் அதே பாஷையில்.

தன் அறிக்கையில் அவர் இரண்டு வரி எழுதினார்: "இங்கே எந்த இடமும் எவருக்கும் சொந்தமில்லை. முறைதான் எல்லோருக்கும் சொந்தம்." முகத்துவாரத்தில் மண் கொட்டிய ஒரு நிறுவனத்தின் மீது குப்பம் வழக்குப் போட்டபோது, எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் நிறுவனத்தின் பக்கம் நிபுணர் சாட்சியாக நின்றார். ரெஜினாவே குப்பத்துக்கு அழைத்துப்போன ஆள் அவர். தணிகாசலம் வீட்டில் எங்களோடு உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்ட ஆள். கோர்ட்டில் ரெஜினாவின் முதல் வரியைப் படித்துக் காட்டினார், இரண்டாவதை விழுங்கிவிட்டார். குப்பம் தோற்றது.

ரெஜினா தானாகவே போய் ஊர்ப் பஞ்சாயத்தில் நின்றார். எல்லாக் குடும்பத்துக்கும் பாடு ஒரு சுற்று வந்து முடியும்வரை அவர் கரையில் கால் வைக்கக்கூடாது என்று தீர்ப்பானது. அந்தப் பேராசிரியருக்கு ஊர்விலக்கு. குப்பத்தோடு உறவுள்ள எவரும் அவரோடு பேசக்கூடாது, அவர் பெயரைச் சொல்லக்கூடாது. சட்டப்படி இதெல்லாம் செல்லாது என்று நான் ரெஜினாவிடம் சண்டை போட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "செல்லாதுன்னு பசங்களுக்குப் பாடம் எடுக்கறதே நான்தாம்பா. ஆனா அந்தாள ஊருக்குள்ள கூட்டினு வந்தது நானு. அதுக்கு எந்த சட்டத்துல தண்டனை கீது?"

கட்டுப்பட்டார். தினமும் முகத்துவாரப் பாலத்தின் மேல் நின்றபடியே, வந்து சொல்பவர்களிடம் கேட்டு, யார் பாடு எங்கே என்று மேல்முறையீட்டுக்காக நோட்டில் எழுதினார். சுற்று முடிய மூன்று நாள் இருக்கும்போது போய்விட்டார். அந்தக் கரையில் அவர் மறுபடி கால் வைக்கவே இல்லை.

அடக்கத்துக்கு அந்த ஆள் ரோஜா மாலையோடு வந்தார். தணிகாசலத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தணிகாசலம் முதுகைக் காட்டி நின்றார். பின்னால் குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மாலையை வாங்க ஒரு கையும் நீளவில்லை. கடைசியில் அவர் என்னைப் பார்த்தார். நானும் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான். அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

ரெஜினாவின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது, அவருடைய கோபமும் இருக்கிறது. மேல்முறையீட்டில் அவர் தரவிருந்த வாக்குமூலத்தை நான் தரப்போகிறேன். இதில் அந்த ஆளின் பெயர் எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது ஊர் போட்ட கட்டு, ரெஜினாவைப் போல நானும் கட்டுப்படுகிறேன். கோர்ட்டில் அந்தக் கட்டு செல்லாது. அங்கே பெயரை எழுதித்தான் ஆகவேண்டும். எழுதுவேன், இனிஷியல், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாவற்றோடும்.