சிலிண்டர்காரருக்காக நான் எழுதிய காகிதம்

ரோட்டிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு அறுபத்திரண்டு படி. மண்ணை வெட்டிக் கல்லைப் பதித்த படி. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். கேஸ் வண்டி ரோட்டோடு நின்றுவிடும். வேறு ஆளாக இருந்தால் ஹாரனை அடித்து, "வந்து தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். எங்கள் சிலிண்டர்காரர் அப்படியில்லை. என் முட்டி தேய்ந்த நாளிலிருந்து, நான் ஒரு வார்த்தை கேட்காமலே, சிலிண்டரைத் தோளில் வைத்து மேலே ஏறி வந்துவிடுவார். நாற்பதாவது படிக்குப் பக்கத்தில் ஒரு பாறை உண்டு. அதில் இறக்கிவைத்து மூச்சு வாங்குவார். 'டங்' என்று அந்தச் சத்தம் என் வாசல் வரைக்கும் கேட்கும். கேட்டதும் நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைப்பேன்.

அந்த மனிதருடைய வேலை என் வாயால் போகப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாகத்தான் வரும். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது அவள் புத்தகத்தை வைத்து, அவளுக்கே தெரியாமல், நானாகப் பிடித்துக்கொண்ட எழுத்து இது.

எண்ணெய் விளைகிற நாடுகளின் பக்கம் சண்டை மூண்டது எல்லோருக்கும் தெரியும். கப்பல் போகிற குறுகலான கடல்வழி ஒன்றை அடைத்துவிட்டார்கள், இனிமேல் கேஸ் வராது என்று பேச்சு. சேரம்பாடிப் பக்கத்து மலையில் இருக்கிற எங்களுக்கும் அந்தக் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வண்டி வருவது நின்றது. சம்பந்தம் தெரிந்துவிட்டது.

லயம் என்பது வரிசையாக ஒட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் காம்பரா என்போம். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் ஒரே சுவர்தான், அதுவும் கூரை வரைக்கும் போகாது. என் மருமகனுக்கு ஒரு கட்சி, பக்கத்துக் காம்பராக்காரிக்கும் அவள் புருஷனுக்கும் வேறொரு கட்சி. அதனால் இங்கே ஒரு டிவி, அங்கே ஒரு டிவி. எங்கள் டிவியில் கோட்டுப் போட்டவர், "கேஸுக்குத் தட்டுப்பாடே இல்லை, வதந்தியை நம்பாதீர்கள்" என்பார். அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், "இருளில் மூழ்குகிறது தமிழகம்" என்று கத்துவாள். நடுவில் உட்கார்ந்து நான் கீரை ஆய்வேன்.

ஒரு நாள் பக்கத்துக் காம்பராக்காரி சுவருக்கு மேலே குரல் கொடுத்தாள்.

"அம்மாயி, உங்க ஊட்டு டிவிய கொஞ்சம் கொறைங்களேன். பொய்யா கொட்டுது."

"ஒங்க டிவியில மட்டும் என்னா, தேனா கொட்டுது?"

"எங்களுது உள்ளத சொல்றான்."

"அடி போடி இவளே. ஈரக் கொழுந்து நிறுக்கறப்ப தண்ணிக்குன்னு கழிக்கிறாங்கள்ல? அந்த மாதிரி ரெண்டுலயும் கழிச்சிக்கிட்டுக் கேளு. ரெண்டும் நனஞ்ச கொழுந்துதான்."

மழை நாளில் எடை போடும் இடத்தில் அப்படித்தான் கழிப்பார்கள். எத்தனையோ வருடம் அதில் நின்றவள் நான். அதனால் பெரிய அறிவாளி மாதிரி சொல்லிவிட்டேன். அவளும் சிரித்தாள்.

எண்ணெய்க்கு வரிசையில் நிற்பது எனக்குப் புதிது இல்லை. சிலோனில் எங்கள் தோட்டத்தில் நான் தாவணி போடாத வயதில், மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு நின்றிருக்கிறேன். அப்போதும் எண்ணெய் வைத்திருந்த நாடுகள் யார் மேலேயோ உள்ள கோபத்தில் எண்ணெயை நிறுத்தின என்று சொன்னார்கள். யார் கழுத்தைப் பிடிக்க நிறுத்தினார்களோ தெரியாது. மூச்சு முட்டியது எங்கள் விளக்குக்கு. ரேடியோவில் எல்லாம் சரியாகிறது என்று சொன்ன அன்றுதான் அப்பா வெறும் போத்தலோடு திரும்பி வந்தார். இத்தனை வருடம் கழித்து, கடல் தாண்டி வந்து, மறுபடி அதே வரிசை.

பிறகு ஒரு நாள் வண்டி வருகிறது என்று தகவல் கிடைத்து, ரோட்டில் காலி சிலிண்டர்களை வரிசையாக வைத்து நின்றோம். வண்டியில் எங்கள் லயத்துக்கு என்று இருந்தது ஆறே ஆறு. அதில் ஒன்று என் பேரில் பதிந்தது. சிலிண்டர்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கேரள எல்லையில் எருமாடு என்கிற ஊர்ப் பக்கத்து ஆள், பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"அம்மாயி, கடைசி காம்பராவுல பெத்தவ கெடக்கா. புள்ளைக்கி பதினோரு நாளு. வெந்நி வைக்கக்கூட கேஸ் இல்ல. அவங்க பேரு இந்த லோடுல இல்ல. எந்து செய்யான்?"

"இதுல யோசிக்க என்னா இருக்கு? என்னோடத குடுங்க."

"நெஜமாவா?"

"எனக்கு மிலாறு கெடக்கு. தூக்கிட்டுப் போங்க மொதல்ல."

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைத்தான் மிலாறு என்போம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டு அடுக்கி வைத்திருந்தேன். அவர் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் போன பின்னால்தான் டிவிக்காரர்களின் கார் ஒன்று வந்து நின்றது. மைக்கோடு ஒரு தம்பி, கேமராவோடு ஒருவர். மைக்கில் இரண்டு டிவியின் பேர் ஒட்டியிருந்தது. இங்கே எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்புவார்களாம். என் வெள்ளை முடியைப் பார்த்து நேராக என்னிடம் வந்தார்கள்.

"பாட்டிம்மா, உங்களுக்கு சிலிண்டர் கிடைச்சுதா?"

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். அது எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், பெரியவர் யாராவது வந்து ஏதாவது கேட்டால், எடுத்த எடுப்பில் "ஒரு குறையும் இல்லைங்க" என்று சொல்ல வேண்டும். அது மரியாதை. அப்புறம்தான் விஷயம். காரணம் என்னவோ அதைக் கடைசியில், குரலைத் தாழ்த்திச் சொல்லுவோம். என் அம்மா அப்படித்தான் பேசினாள், நானும் அப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறேன். மைக்கைப் பார்த்ததும் அதே வந்துவிட்டது.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல சாமி. அடுப்பு நல்லா எரியுது. எனக்கு வரவேண்டிய சிலிண்டர அவரு வேற ஊட்டுக்குக் குடுத்துட்டாரு. நாந்தான் குடுக்கச் சொன்னேன். அங்க பச்சப்புள்ள இருக்கு."

கண்ணில் ஆபரேஷன் செய்து ரொம்ப நாள் ஆகவில்லை. குளிர்காற்று பட்டால் தண்ணீர் கொட்டும். முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அந்தத் தம்பி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் லயமே டிவி முன்னால் உட்கார்ந்தது. எங்கள் டிவியில் நான் வந்தேன். "எனக்கு ஒரு கொறையும் இல்ல சாமி. அடுப்பு நல்லா எரியுது." அவ்வளவுதான். கீழே 'மலை மக்கள் மகிழ்ச்சி' என்று ஓடியது. அது மிலாறு அடுப்பு என்று யாருக்குத் தெரியும்? என் மருமகன் கை தட்டினார். கை தட்டி முடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் என் குரலே கேட்டது. "எனக்கு வரவேண்டிய சிலிண்டர அவரு வேற ஊட்டுக்குக் குடுத்துட்டாரு." ஓடிப்போய்ப் பார்த்தேன். நான் கண்ணைத் துடைக்கிறேன். பின்னால் சோகமாக ஒரு இசை. 'சிலிண்டர் பதுக்கல்: மூதாட்டி கண்ணீர்.'

நான் பேசியது ஐந்தே வரி. ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டார்கள். பச்சப்புள்ளையை இரண்டு பேருமே எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் தகவல் வந்தது. கேஸ் கம்பெனி மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வந்ததாம். சிலிண்டர்காரரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்களாம். ஐம்பதைத் தாண்டிய ஆள். இனிமேல் அந்தத் தோளை நம்பி யார் வேலை கொடுப்பார்கள்? பக்கத்துக் காம்பராக்காரி வந்து உட்கார்ந்தாள்.

"இருந்தாலும் அம்மாயி, அந்த ஆளு இப்படிச் செய்வாருன்னு நா நெனைக்கல."

"ஏய்! நீ என் பக்கத்துலதானடி நின்ன? நா சொன்னத காதால கேட்டல்ல?"

"கேட்டேன். ஆனா டிவியில போட்டானே. நீங்களே அழுவுறீங்களே."

"சொட்டு மருந்து ஊத்துன கண்ணுடி அது!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, ஆமா," என்றாள். பக்கத்தில் நின்றவளுக்கே இந்தக் கதி என்றால், ஊரில் உள்ளவர்களை என்ன சொல்ல? அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை. தண்ணிக்குக் கழிக்கச் சொன்ன நானே, அது வரைக்கும் எங்கள் டிவியில் வந்ததைத்தான் மனசுக்குள் கொஞ்சம் கூடுதலாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏஜென்சிக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். சிலோனில் ஒரு நாள் ஆபீசில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள், அப்பா பெருவிரலை வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்பது எங்களை இந்தியாவுக்கு அனுப்பும் கப்பலுக்கு நாள் குறித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் பேச்சை இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. இது என் கையிலேயே இருக்கட்டும்.

ஒரு பக்கம் எழுத ஒரு நாள் முழுக்க ஆனது. எங்கெங்கே கால் போட வேண்டும், எங்கே கொம்பு போட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். முதலில் பழைய பழக்கத்தில் 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று ஆரம்பித்தேன். கிழித்துப் போட்டேன். இரண்டாவது காகிதத்தில் முதல் வரியே, 'எங்கள் லயத்தில் பதினோரு நாள் குழந்தை இருக்கிறது' என்று போட்டேன். அடுத்த வரி, 'அதற்காக நான் என் சிலிண்டரைக் கொடுத்தேன்.' இனி எந்த வரியோடு வெட்டினாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

அதற்கு அடுத்த நாள் மதியத்துக்கு மேல் பஜாருக்குக் கிளம்பினேன். தனியாகத்தான் போக நினைத்தேன். படி இறங்கும்போது பார்த்தால் பக்கத்துக் காம்பராக்காரி கூடையை வைத்துவிட்டு வந்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர். அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள். பாதி நாளில் கொழுந்து பறிக்கிற மலையை விட்டு வந்தால் அரைப்பேர்தான் விழும், அரை நாள் கூலி போகும். தெரிந்தேதான் வந்தார்கள். கடைசி காம்பராவில் பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியாமல் வெளியே வரக்கூடாது. அவளுக்குப் பதிலாக அவள் மாமியார் அந்த ஒன்பது பேரில் இருந்தாள்.

ஏஜென்சி முதலாளி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, நீங்கதான டிவியில அழுதீங்க? இப்ப என்னத்துக்கு என்ற கடைக்கு வந்து நிக்கறீங்க?"

நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். "பதினோரு நாள் புள்ளைக்கி வெந்நி வைக்க கேஸ் இல்லைங்க. அதனால என் சிலிண்டர நான் குடுத்தேன். அவரு தூக்கிட்டு மட்டுந்தான் போனாரு" என்றேன். காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"ஒருத்தர் பேருல பதிஞ்சத இன்னொருத்தருக்குக் குடுக்கறது தப்புங்கம்மா."

"தப்புன்னா அது என் தப்பு. எனக்கு ஆறு மாசம் சிலிண்டர் குடுக்காதீங்க. அவர வேலைய விட்டு நிறுத்தாதீங்க."

"அம்மாயி, ஆறு மாசமெல்லாம் மிலாறு தாங்காது" என்று பின்னாலிருந்து பக்கத்துக் காம்பராக்காரி மெதுவாகச் சொன்னாள். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காகிதத்தை எடுத்தார். சத்தம் போடாமல், விரலை வைத்து, கடைசி வரைக்கும் படித்தார். டிவியில் பேசியவர்கள் ஒருவரும் எனக்குச் செய்யாத மரியாதை அது. அதற்காகவே அவர் நன்றாக இருக்க வேண்டும்.

"இத எழுதுனது யாருங்க?"

"நான்தாங்க."

"கையெழுத்துப் போட்டிருக்கறீங்க. சாட்சிக்கு இவங்களும் போட்டா நல்லா இருக்கும்."

வந்தவர்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தெரியாத இரண்டு பேர் விரல் வைக்கும் முன்னால், காகிதத்தில் இருந்ததை நான் முழுக்க வாசித்துக் காட்டினேன். வாசித்த பிறகுதான் மையைத் தொட விட்டேன். முதலாளி அதை மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார்.

நாலு நாள் பதில் இல்லை. அந்த நாலு நாளும் அடுப்பில் மிலாறு புகைந்தது. புகையில் நிஜமாகவே கண்ணீர் வந்தது, படம் எடுக்கத்தான் ஆள் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் கீழே வண்டிச் சத்தம். நான் எழுந்திருக்கவில்லை. படியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'டங்.'

கேத்தலை மிலாறு அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அவர்தான். தோளில் சிலிண்டர், முகமெல்லாம் வேர்வை.

"அம்மாயி, கீழ நல்லாப் பாத்துட்டேன். மைக்குக்காரன் யாரும் இல்ல. தைரியமா வாங்கிக்கோங்க."

"மொதல்ல பேரப் பாருங்க. என் பேருதானா?"

"ஒங்க பேருதான். மொதலாளி ரெண்டு தடவ வாசிச்சிக் காட்டி அனுப்பிச்சாரு."

அந்த இரண்டு டிவியிலும் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். கடல்வழி திறந்ததா, யார் ஜெயித்தார்கள் என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு விதமாகத்தான் இன்னும் கேட்கிறது. ஆனால் அரைப்பேரை விட்டுவிட்டு என்னோடு அறுபத்திரண்டு படி இறங்கிய அந்தப் பத்துப் பேரையும் எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தி முகமும் தெரியும். கும்பிட வேண்டிய முகங்கள்.

அவர் சிலிண்டரை மாட்டி, கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தார். தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னா அம்மாயி, சீனியே இல்ல."

வேலை போகாத ஆள் குறை சொல்வதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன்.