மறுகரையாளும் எங்கள் வக்கீலும்

எங்கள் வக்கீல் கோர்ட் வாசலை மிதித்ததே இல்லை. பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கிற வேலை. எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் என் சிநேகிதனுக்கு என் தங்கை வைத்த பெயர் அது.

பதினோரு வருஷம், சனிக்கிழமை மதியம் தவறாமல், என் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையின் பின்னறையில் மூன்று பேரும் கதை விளையாட்டு ஆடினோம். பழைய ஃபிரிட்ஜ் கதவொன்றை இரண்டு ஸ்டூல் மேல் படுக்கப்போட்டால் அதுதான் மேஜை. கதை சொல்வது நான். பூதங்களும் தெய்வங்களும் என் கைச்சரக்கு. கதைக்குள் தங்கை வில்லாளி, வக்கீல் வைத்தியன். அவர்கள் பிழைப்பதும் சாவதும் பகடை விழுவதைப் பொறுத்தது. நான் சொன்னதையெல்லாம் வக்கீல் நோட்டில் எழுதிக்கொள்வான். பாவி, ஒரு வரி விடமாட்டான்!

ஒருமுறை சதுப்புப் பூதம் நெருப்பைக் கக்கியது என்று சொல்லிவிட்டேன். உடனே நோட்டைப் புரட்டினான்.

"இது நெருப்புலதான் சாகும்னு நீதானே சொன்ன? அப்ப அதோட நாக்கு வேகாதா?"

"உன் வயித்துல அமிலம் இருக்கே, நீ கரைஞ்சா போயிட்ட?"

மூன்று வாரம் அந்த நாக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். பூதம் பாட்டுக்குச் சதுப்பில் நின்றது. அந்தச் சண்டைக்கு இன்றைக்கு ஏங்குகிறேன்.

தெய்வ விஷயத்தில் இன்னும் மோசம். செத்தவர்களை ஆற்றைக் கடத்திக் கூட்டிப்போகிற மறுகரையாள் யாரையும் திருப்பி அனுப்பமாட்டாள் என்று முதல் வருஷமே சொல்லித் தொலைத்திருந்தேன். தங்கையின் முதல் வில்லாளி செத்தபோது அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கெஞ்சினாள். நானே இளகிவிட்டேன். வக்கீல் மசியவில்லை.

"ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா அது தெய்வமில்ல, தெரிஞ்சவங்க சிபாரிசு."

தங்கை ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

பதினோராவது வருஷம் அவன் மனைவி இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இங்க உக்காராதீங்க, போய் ஆடிட்டு வாங்க" என்று அவரே விரட்டிவிட, வருவான். எப்படி இருக்காங்க என்று கேட்டால் "டாக்டருங்க பாக்கறாங்க" என்பான், அவ்வளவுதான்.

அப்படி வந்த ஒரு சனிக்கிழமை கதையில் அவன் வைத்தியன் செத்தான். பகடை சதி செய்துவிட்டது. தங்கை மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

"மறுகரையாள் அவனைத் திரும்பிப் போகச் சொல்றா" என்றேன்.

சொல்லிவிட்டு, வரப்போகும் சண்டைக்குக் காத்திருந்தேன். பத்து வருஷச் சட்டத்தை நானே உடைத்தாயிற்று, விடுவானா? நாலு வார்த்தை திட்டட்டும், நோட்டாலேயே மண்டையில் போடட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அவன் நோட்டைத் தொடவில்லை.

"அப்ப... மறுகரையாள் மனசு மாறுவாங்களாடா?" என்றான்.

டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெய்வத்தை ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலண்டர் தாளின் பின்னால் கிறுக்கி உண்டாக்கியவன் நான்.

"மாறுவாங்கடா" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் சொன்னேன்.